கோத்தகிரியில் இரண்டு நாள், பன்னிரண்டு பேர், ஒரே கேள்வி

வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா, விதி என்று ஒன்று இருக்கிறதா, பத்து வருஷத்துக்கு முந்தைய நானும் இப்போதைய நானும் ஒரே ஆளா. இந்த மாதிரிக் கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பேசும் அமர்வு கோத்தகிரியில் மாதம் ஒருமுறை நடக்கிறது. பெயர் வைக்கவில்லை, போர்டும் கிடையாது. பழைய தோட்ட வீடு ஒன்றின் முன்னறை, ஒரு கரும்பலகை, பன்னிரண்டு நாற்காலி. சனி காலை 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மதியம் 1 மணிக்கு முடியும். சாப்பாடு, டீ, வர்க்கி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். தங்கும் இடம் அவரவர் பொறுப்பு. தத்துவ வகுப்பு எடுப்பவர்களின் கண்ணுக்கு இது எப்படித் தெரிகிறது என்பதை எழுதுகிறோம்.

போகலாமா என்றால், போகலாம். முதல் நாளுக்காகவே போகலாம். ஞாயிறு காலை தொய்ந்துவிடுகிறது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

வேலை பதிவு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. பணத்தோடு இரண்டு விஷயங்களை எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். ஒன்று, பன்னிரண்டு வார்த்தைக்கு மிகாத ஒரு கேள்வி. இன்னொன்று, அந்தக் கேள்வி உங்களுக்கு எங்கே முளைத்தது என்று காட்டும் ஒரு சம்பவம், ஐந்து வரிக்குள். சம்பவத்துக்கு மூன்று நிபந்தனை: உங்களுக்கே நடந்ததாக இருக்க வேண்டும், முடிந்துபோனதாக இருக்க வேண்டும், நினைத்தாலே இன்னும் நெஞ்சு கொதிக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சொத்து வழக்கையோ போன மாதம் நடந்த சாவையோ நடுவில் வைத்தால் மற்ற பதினொரு பேரும் ஆறுதல் சொல்லத்தான் பார்ப்பார்கள். மறுத்துப் பேச யாருக்கும் மனசு வராது. மறுத்துப் பேசாத இடத்தில் தத்துவம் நகராது.

முறை இவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மன் தத்துவவாதி லெனார்ட் நெல்சன் 1922இல் கோட்டிங்கனில் ஆற்றிய உரையில் இதற்கு அடித்தளம் போட்டார். அவருடைய மாணவர் குஸ்டாவ் ஹெக்மன் இதைக் குழுவாக உட்கார்ந்து செய்யும் முறையாக வளர்த்தார். சொந்த அனுபவத்திலிருந்து தொடங்கு, பொத்தாம்பொதுவான பேச்சிலிருந்து தொடங்காதே. நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் பலகையில் எழுதி, எல்லோருக்கும் உடன்பாடா என்று கேட்ட பிறகே அடுத்ததுக்குப் போ. சுருக்கமாக இவ்வளவுதான். கோத்தகிரியில் இதோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்கள், அது நம்முடையது: பரபக்கம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சொல்லும் முன் மாற்றுச் சமயங்களின் வாதங்களை எடுத்து வைத்து மறுக்கிறாரே, அந்த ஒழுங்கு. அடுத்தவர் சொன்னதை மறுக்க வேண்டுமென்றால் முதலில் அவர் நிலையை நீங்கள் சொல்ல வேண்டும். அவர் "ஆமாங்க, இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் மறுப்பு. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும். மதியத்துக்குள், மறுப்புகளில் பாதி தேவையே இல்லாமல் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆள் சொல்லாததைத்தான் இவ்வளவு நேரம் மறுத்துக்கொண்டிருந்தோம் என்பது புரிந்துவிடும்.

வேலை நடக்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டில் கிட்ட நின்று பார்க்கலாம். எடுத்த கேள்வி, பத்து வருஷத்துக்கு முந்தைய நானும் இன்றைய நானும் ஒரே ஆளா என்பது. சம்பவம்: நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட ஒருவர், பல வருஷம் கழித்து அந்தத் தொகையைத் தானே கட்டி முடித்தார். "கையெழுத்துப் போட்டது நாந்தான், ஆனா அந்த ஆளு இப்ப இல்லீங்க" என்பது அவர் வாக்கியம். நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எல்லோருக்கும் அவர் டீச்சர். இந்த வாக்கியத்தை முதல் வரியாக எழுதிவிட்டு மலை ரயிலுக்குப் போனார்.

"நம்ம ரயில் எஞ்சினுக்கு பாய்லர் மாத்தினா, அது அதே எஞ்சினா?"

"அதேதாங்க டீச்சர்."

"சக்கரம்? பிஸ்டன்? அடியில இருக்கிற பல்சக்கரம்? ஒவ்வொண்ணா, முப்பது வருஷத்துல எல்லாத்தையும் மாத்தியாச்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு குன்னூர்க்காரர் ஒருவர், "பொன்மலை பணிமனையில அதே டிசைன்ல புதுசாவே கட்டினாங்களே, அதையும் சேர்த்துக்கங்க" என்றார். திருச்சி பொன்மலையில் இந்தப் பாதைக்காகப் புது நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்டது உண்மைதான். "அது வேற எஞ்சினுங்க. அதே மாதிரி, ஆனா அது இல்லை" என்றார் இன்னொருவர்.

பலகையில் நான்காம் வாக்கியம் இப்படி ஏறியது: ‘அதே’ வேறு, ‘அதே மாதிரி’ வேறு. ஐந்தாவது: பாகங்கள் ஒவ்வொன்றாக மாறும்போது ஓட்டம் அறுபடாமல் இருந்தால் ‘அதே’ என்கிறோம். உடனே மறுப்பு வந்தது. பணிமனையில் அக்கக்காகப் பிரித்துப் போட்டு ஆறு மாதம் கழித்துப் பூட்டிய எஞ்சின் ஓடவில்லையே, அது அதே எஞ்சின் இல்லையா? ஐந்தாவது வாக்கியத்தின் மேல் கோடு விழுந்தது. அழிப்பதில்லை, கோடுதான், எங்கே தவறினோம் என்பது கடைசி வரை கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் எஞ்சின் எண்தான் அடையாளமா என்றார் ஒருவர். எண் என்பது நாம் ஒட்டுவது, எதை நம்பி ஒட்டுகிறோம் என்பதுதானே கேள்வி என்று ஆறாவது வாக்கியம் வந்தது.

இங்கிருந்து ஜாமீன்காரரிடம் திரும்பியதுதான் அந்த அமர்வின் உச்சம். "ஆளு மாறிட்டாரு" என்று சொல்ல வேண்டுமானால், மாறியவர் அதே ஆளாக இருக்க வேண்டும். வேறு ஆள் என்றால் ‘மாறினார்’ என்ற சொல்லுக்கே வேலை இல்லை. ஆக, கையெழுத்துப் போட்டவர் இவரேதான். இவர் ‘அதே மாதிரி’ இல்லை, அவ்வளவுதான். கடனுக்கு முதலாவது போதும். பழைய கோபத்தை மன்னிப்பதற்கு, ஒருவேளை, இரண்டாவதைப் பார்க்க வேண்டும். இந்த இடத்துக்கு வர இரண்டே கால் மணி நேரம் ஆனது. இது, மரப்பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் அதே கப்பலா என்று கேட்கும் தீசியஸ் கப்பல் என்ற பழைய கிரேக்கப் புதிர் என்பதையும், கழற்றிய பழைய பலகைகளை வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் கேட்டதையும் டீச்சர் கடைசியில்தான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் அறை முழுக்கக் கப்பலைப் பற்றித்தான் பேசியிருக்கும்.

இந்த அமர்வின் பலம் எங்கே என்று கேட்டால், தமிழில்தான். நாளெல்லாம் நாம் பேசும் தமிழே பெரிய கேள்விகளைப் பாதி பிரித்து வைத்திருக்கிறது. ‘வாழ்க்கையின் பொருள்’, ‘வாழ்க்கையில் பொருள்’ என்ற இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஓர் உருபுதான் வித்தியாசம். முதலாவது, உலகமும் மனிதனும் எதற்காக இருக்கிறார்கள் என்று கேட்கிறது. அதற்குப் படைத்தவன் ஒருவன் உண்டா என்பதையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருக்கும். இரண்டாவது, இந்த ஒரு வாழ்க்கைக்குள் எதைச் செய்தால் வாழ்ந்த மாதிரி இருக்கும் என்பது. முதலாவதுக்கு விடை தெரியாத ஒருவர் இரண்டாவதுக்கு விடை வைத்திருக்கலாம். முதலாவதில் தோற்றுப்போய், அதனால் இரண்டாவதும் இல்லை என்று முடிவு கட்டிக்கொள்வதுதான் இந்தக் கேள்வியில் அதிகம் நடக்கும் விபத்து.

விதியைப் பற்றிய அமர்வு இதைவிட வளமானது. பேச்சு தொடங்கும் முன் அவரவர் வாயில் வரும் சொற்களைப் பட்டியல் போட்டார்கள்: விதி, தலையெழுத்து, ஊழ், கர்மா, கொடுப்பினை. ஐந்தையும் ஒரே பையில் போட்டுத்தான் நாம் புழங்குகிறோம். பிரித்தால் சண்டை தெரியும். தலையெழுத்து என்றால் எழுதியவர் ஒருவர் வேண்டும், எழுதியது மாறாது. கர்மா என்றால் எழுதியவர் தேவையில்லை. நான் செய்தது என்னிடமே திரும்புகிறது, ஆகவே நான் இப்போது செய்வதற்கும் எடை இருக்கிறது. ஒன்று கையைக் கட்டுகிறது, மற்றது கையைப் பொறுப்பாக்குகிறது. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லும் நாம் எதை நம்புகிறோம்? கொடுப்பினை இன்னும் நுட்பம்: நல்லது வாய்த்ததற்கும் வாய்க்காததற்கும்தான் அந்தச் சொல். "எனக்குக் கால் உடையற கொடுப்பினை இருந்துச்சு" என்று யாரும் சொல்வதில்லை. அது உலகம் எப்படி ஓடுகிறது என்ற கூற்றே அல்ல, நன்றியும் ஏக்கமும் பேசும் சொல் என்று அறை ஒத்துக்கொண்டது.

அதற்கான சம்பவம் ஒரு ஜனவரி உறைபனி. புதிதாக நட்ட தேயிலைக் கன்றுகளைப் பெரணித் தழை போட்டு மூடாமல் விட்டதில் ஒரே ராத்திரியில் கருகிவிட்டன. வாக்கியங்கள்: பனி விழுவது என் கையில் இல்லை. தழை போட்டிருந்தால் கன்று பிழைத்திருக்கும். தழை போடாமல் விட்டதும் விதிதான். மூன்றாவதில் எல்லோரும் சிக்கினார்கள். பிழைக்கும் விதி இருந்தால் மூடாவிட்டாலும் பிழைக்கும், கருகும் விதி இருந்தால் மூடினாலும் கருகும், பிறகு எதற்குத் தழை என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. கிரேக்கர்கள் இதைச் சோம்பேறி வாதம் என்றே அழைத்தார்கள். ஸ்டோயிக் என்ற பண்டைக் கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த கிரிசிப்பஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டு, இதற்குப் பதில் வைத்திருக்கிறார்: பிழைப்பது விதி என்றால், மூடுவதும் அதனோடு சேர்ந்த விதி, வழியை விட்டுவிட்டு முடிவை மட்டும் விதியாக்க முடியாது. அறையில் ஓர் அக்கா கிரிசிப்பஸைக் கேள்விப்படாமலே இதைச் சொன்னார்: "சோறு வேகறது விதின்னா அடுப்பு பத்த வெக்கறதும் விதிதானுங்க." பலகையில் அப்படியே எழுதினார்கள்.

கோளாறுகள் எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் கோளாறு மேற்கோள். குறளில் ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள் ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்கிறது; ஆள்வினையுடைமையின் கடைசிக் குறள், தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்கிறது. ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பட்டிமன்றம் ஆகிவிடும். ஆகவே முதல் நாள் மேற்கோளுக்குத் தடை. இது வள்ளுவருக்குச் செய்யும் அவமரியாதை என்று ஒருவர் வருத்தப்பட்டார். எங்கள் கருத்தில் இதுதான் மரியாதை. அந்த இரண்டு குறளையும், 380ஐயும் 620ஐயும், எழுதியவர் ஒருவரே; இரண்டையும் சேர்த்து யோசிக்கும் வேலையை அவர் நம்மிடம் விட்டிருக்கிறார்.

இரண்டாவது கோளாறு, "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு உண்மை". மனம் நோகாமல் பேச்சை முடிக்க உதவும் வாக்கியம் இது. டீச்சர் இதைத் தடுப்பதில்லை; பலகையில் எழுதி, "இது எல்லாருக்கும் உண்மையா, உங்களுக்கு மட்டுமா?" என்று கேட்கிறார். எல்லாருக்கும் என்றால் அந்த வாக்கியமே பொய்யாகிறது. எனக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் அதை ஏற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, காரணத்தைச் சரிபார்க்காமல் முடிவுக்குத் தாவுவது. இதற்கு அவர்கள் ஜன்னலைக் காட்டுகிறார்கள். எதிர்ச் சரிவிலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்புகிறது. புகையா, பனிமூட்டமா? புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது சரியான விதிதான். ஆனால் அது புகைதானா என்பது தீராமல் விதி மட்டும் சரியாக இருந்து பயனில்லை. மணிமேகலையின் 29ஆம் காதை, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிவதை ஏதுப்போலிகளில், அதாவது காரணம் போலத் தோன்றும் பிழைகளில், ஒன்றாகவே வைத்திருக்கிறது. நீலகிரியில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது வேறு விளக்கமே வேண்டியதில்லை.

பேசுபவர்களே பேசிக்கொண்டிருப்பதைத் தடுக்க, ஆளுக்கு மணிக்கு ஐந்து அவரைக்கொட்டை. ஒருமுறை பேசினால் ஒன்றைக் கிண்ணத்தில் போட வேண்டும். கேள்வி மட்டும் கேட்டால் போட வேண்டாம். இந்தச் சலுகை நன்றாக வேலை செய்கிறது. கொட்டை தீர்ந்தவர்கள் வேறு வழியில்லாமல் கேட்கத் தொடங்குகிறார்கள், பல சமயம் அவர்களுடைய கேள்விதான் பேச்சைக் காப்பாற்றுகிறது.

இனி குறைகள். ஞாயிறு காலை 9 முதல் 11 வரை, நடத்துபவர்களில் இளையவர் ‘பெரிய தத்துவவாதிகள் என்ன சொன்னார்கள்’ என்று திரையில் படம் போட்டு விளக்குகிறார். தகவலில் தவறு இல்லை. ஆனால் மொழி திடீரென்று ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு மாறிவிடுகிறது. முந்தின நாள் ‘அதே’, ‘அதே மாதிரி’ என்று துல்லியமாகப் பேசியவர்கள் வாய்மூடிக் குறிப்பெடுக்கிறார்கள். சனிக்கிழமை தங்கள் கையால் செதுக்கிய வாக்கியங்கள் பலகையில் ஓரமாகக் கிடக்கின்றன. அந்த இரண்டு மணி நேரத்தை அரை மணியாகக் குறைத்து, ஒவ்வொரு தத்துவவாதியையும் பலகையின் எந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று பங்கேற்பவர்களையே கேட்க வேண்டும். இன்னொன்று, பலகை வாக்கியங்களைத் தொகுத்து அனுப்புவதாகச் சொல்கிறார்கள். மூன்று வாரம் கழித்து, கோடு போட்டவை நீக்கப்பட்டு, சுத்தப் பிரதியாக வருகிறது. கோடு போட்டவைதான் முக்கியம். ஞாயிறு மதியமே பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சனி மதியம் சாப்பிட்டதும் 2 முதல் 3 வரை உள்ளே உட்காராமல் தேயிலைக்கு நடுவே இரண்டிரண்டு பேராக நடக்கவிடுவது நல்ல ஏற்பாடு. குளிரில் வயிறு நிறைந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

யார் போக வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். விடையோடு திரும்ப வேண்டும் என்று வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒரு குருவிடம் உட்கார்ந்து நூலைப் பாடம் கேட்க விரும்புபவர்களுக்கு இதே மலையில் ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருகுலம் இருக்கிறது. நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923இல் தொடங்கிய மரபு, நித்ய சைதன்ய யதி வாழ்ந்த இடம். பேச்சே வேண்டாம், உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பவர்களுக்குப் பழனி மலையில், கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில், இயேசு சபைத் துறவி ஏ.எம்.ஏ. சாமி நிறுவிய ஜென் மையம். அவை வேறு வேலை செய்யும் இடங்கள். ‘எதற்கு வாழ வேண்டும்’ என்ற கேள்வி தூக்கத்தையும் பசியையும் கெடுத்து மாதக்கணக்கில் துரத்துகிறது என்றால் அது இந்த அறைக்கான கேள்வி அல்ல. முதலில் மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பதிவுப் படிவத்திலேயே அமர்வு நடத்துபவர்கள் இதைக் கேட்டுவிடுவது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். பஸ் நேராக வருகிறது. வெளியூர் வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலை மாவட்ட எல்லையிலேயே வாங்கிவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். அறையில் சூடு மூட்டுவதில்லை, ஜூலையில் ஒரு ஸ்வெட்டர் போதாது. கேள்வியை எழுதும்போது ‘ஏன்’ என்று தொடங்கினால் ஒருமுறை ‘எதனால்’ என்றும், ஒருமுறை ‘எதற்காக’ என்றும் மாற்றி எழுதிப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கேள்வியாகத் தெரிந்தால், எது உங்களுடையதோ அதை மட்டும் அனுப்புங்கள்.